ஏற்றிய கற்பூரத்தை ஊதி அணைத்த நாள்

எங்கள் வீட்டு ஃபியட் காரின் சாவியை அத்தான் என் கையிலிருந்து பிடுங்கவில்லை. பிடுங்கியிருந்தால் அங்கேயே ஒரு கை பார்த்திருப்பேன். என் அக்காவின் கணவர் அவர்; வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. அப்பாவைப் பேசியே கரைத்து, அப்பா கையாலேயே சாவியை வாங்கிக்கொண்டார். அதுதான் எனக்கு ஆறவில்லை. பிறகு அவருக்கு நான் திருப்பிக் கொடுத்ததை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு குளிர்கிறது. பாவம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்பாவுக்குக் கண் மங்கி, கார் ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். நான் மந்தைவெளியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினேன். மயிலாப்பூர் வீட்டிலிருந்து அடையாறில் நான் பாடம் நடத்திய பள்ளிக்கு அந்தக் காரில்தான் போவேன். தெருவில் பலபேர் திரும்பிப் பார்ப்பார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று போவேன். பெட்ரோல் அப்பாவுடைய பென்ஷனில். டயர் நான்கும் என் சம்பளத்தில் புதிதாக மாற்றியவை. வாரம் தவறாமல் காலையில், டயர் சூடாவதற்கு முன்பே, பெட்ரோல் பங்கில் நின்று காற்று பார்ப்பேன். டிக்கியில் கிடக்கும் மாற்றுச் சக்கரத்தை, அந்த ஸ்டெப்னியைக்கூட விடமாட்டேன்.

அத்தான் ஞாயிறுதோறும் கே.கே. நகரிலிருந்து வந்து காரை இரவல் கேட்பார். திங்கட்கிழமை நான் வண்டியை எடுத்தால் பெட்ரோல் முள் தரையில் கிடக்கும். அதற்கும் பழி என் மேல்தான்.

"மாமா, இவ ஆக்ஸிலேட்டர் மேல ஏறி நிக்கறா. வண்டி பெட்ரோலைக் குடிக்குது. கொஞ்ச நாள் என்கிட்ட விடுங்க, மைலேஜ்னா என்னன்னு காட்டறேன்."

மாப்பிள்ளை சொன்னதற்கு மறுபேச்சு பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பெண்ணைக் கொடுத்த இடம். அப்பா சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். பெட்ரோலையும் வாராவாரம் அவரே நிரப்பிக் கொடுத்தார். நான் காலையில் பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

அவர் வரும்போதெல்லாம் உபதேசம் நடக்கும். கோடம்பாக்கம் பாலத்தில் இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே வந்ததைப் பெருமையாகச் சொல்வார். "டயரைக் கல்லு மாதிரி வச்சுக்கணும் மாமா, அப்பதான் வழுக்கிக்கிட்டு ஓடும். இன்னொண்ணு, எடை. எடை ஏறினா மைலேஜ் இறங்கும்." நான் குனிந்து டயரைப் பார்த்தேன். ஓரமெல்லாம் புதிதாக இருக்க, நடுப்பகுதி மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது.

"காத்து ரொம்ப அதிகம் அத்தான். நடுவுல தேயுது. வெயில்ல வெடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"பாடமெல்லாம் உங்க ஸ்கூல்ல எடும்மா," என்றார். அக்கா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. இருக்கட்டும், எனக்கும் ஒரு நாள் வரும் என்று சும்மா இருந்தேன்.

வந்தது. அத்தானுடைய தம்பிக்கு நிச்சயதார்த்தம், தி. நகரில் பெண் வீட்டார் மண்டபம் பிடித்திருந்தார்கள். தம்பியும் மற்ற சொந்தக்காரர்களும் முன்னதாகவே வேனில் போய்விட்டார்கள். அப்பாவும் நானும் கே.கே. நகர் போய்ச் சேர்ந்தபோது, லட்டுத் தட்டு, புடவைத் தட்டு, பழத்தட்டு எல்லாவற்றையும் அத்தானே டிக்கியில் ஏற்றிப் பூட்டியிருந்தார். வேறு யாரையும் கிட்டே விடவில்லையாம். முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அவருடைய அம்மா தட்டில் கற்பூரம் ஏற்றி, வண்டியைச் சுற்றி வந்தார்.

நான் டிக்கி ஓரமாக நின்றேன். குப்பென்று பெட்ரோல் வாடை. கீழே பார்த்தால், பம்பரிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறது. கற்பூரத் தட்டு பின்பக்கம் திரும்பிவிட்டது. யோசிக்க நேரமில்லை. ஓடிப்போய்த் தட்டைப் பிடித்து, ஒரே ஊது.

"நல்ல காரியத்துக்குக் கிளம்பறப்ப கற்பூரத்தை வாயால ஊதுவாளா ஒருத்தி?" என்று அந்த அம்மாள் பதறினார். அக்கா, "ஏண்டி இப்படி மானத்தை வாங்கறே," என்றாள்.

"வயித்தெரிச்சல்மா. சாவி போன வயித்தெரிச்சல்," என்றார் அத்தான்.

"டிக்கியைத் திறங்க."

"பெட்ரோல் வண்டியில பெட்ரோல் வாசனைதான் வரும். ஏறு வண்டியில."

நான் அவரோடு பேசவில்லை. சொட்டிய ஈரத்தை விரலில் எடுத்து அவருடைய அம்மாவின் மூக்குக்கு நேரே காட்டினேன். "அத்தை, மோந்து பாருங்க. உங்க தட்டு இன்னும் ரெண்டடி வந்திருந்தா நாம யாரும் நிச்சயத்துக்குப் போயிருக்க மாட்டோம்." அந்த அம்மாள் மோந்து பார்த்தார். மகன் பக்கம் திரும்பி, "திறடா," என்றார்.

திறந்தார். ஸ்டெப்னி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் கேன்கள். ஒன்றுக்கு மூடியே இல்லை. அதன் வாயில் கேரி பேக்கைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. அது சாய்ந்து, பட்டுப்புடவை நனைந்து, லட்டெல்லாம் பெட்ரோலில் ஊறியிருந்தது. பக்கத்தில் சுருட்டி வைத்த ஒரு பச்சை ரப்பர் டியூப்.

"ஸ்டெப்னி எங்கே மாப்பிள்ளை?" என்றார் அப்பா.

"மாடியில இருக்கு மாமா. எடை குறையட்டும்னு..."

"இந்தக் கேன்?"

"என் ஸ்கூட்டருக்கு... கொஞ்சம்தான் எடுத்தேன்."

அப்பா டியூபை எடுத்துப் பார்த்தபடி நின்றார். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த ஆசை துளியும் இல்லை. எதிர்வீட்டு மாடியில் நின்றவர்களுக்கும் கேட்கிற குரலில், "ஞாயித்துக்கிழமை இவர் எடுத்துட்டுப் போனா திங்கக்கிழமை முள்ளு ஏன் இறங்குச்சுன்னு இப்ப புரியுதாப்பா?" என்றேன். அப்பா மாப்பிள்ளையிடம் முதல்முறையாகக் கையை நீட்டினார். சாவி அந்தக் கைக்கு வந்து, அங்கிருந்து என் கைக்கு வந்தது.

நான் அவசரப்படவில்லை. கேன்களைத் தூரத் திறந்தவெளியில் வைக்கச் சொன்னேன். கதவு, டிக்கி எல்லாவற்றையும் திறந்துபோட்டு, மணல் போட்டுத் துடைக்கச் சொன்னேன். ஸ்டெப்னியைப் பட்டுவேட்டியோடு அத்தானே மாடியிலிருந்து இறக்கிவந்தார். உதவிக்கு ஒரு கை கொடுக்கவில்லை நான். நான்கு டயரிலும் அதிகக் காற்றை உஸ்ஸென்று இறக்கினேன். அந்தச் சத்தம் காதுக்கு இதமாக இருந்தது. கெட்டுப்போன தட்டுகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டார். வந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். "இன்னா சார், லட்டு பெட்ரோல் நாத்தம் அடிக்குது. நம்ம வண்டில வேணாம்," என்று போய்விட்டான்.

வாடை சுத்தமாகப் போனபிறகு, தட்டுகளுக்கு வேண்டியதை தி. நகரிலேயே புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினோம். முன்சீட்டில் அப்பா. பின்னால் அக்காவும் அவள் மாமியாரும். இன்னும் ஒருவர் தாராளமாக உட்காரலாம். அத்தான் பின்கதவில் கை வைத்தார்.

"வேணாம் அத்தான். எடை ஏறினா மைலேஜ் இறங்கிடும். நீங்க பஸ்ல வந்துடுங்க."

அப்பா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் டக்கென்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். கதவின் பூட்டை உள்ளேயிருந்து அழுத்தியது அவரைப் பெற்ற அம்மா.