சாட்சியில் சொல்லாத வெட்டு

அக்கா, ஜெபக் கூட்டத்தில் நீங்கள் சொன்ன சாட்சி பாதிப் பொய். மீதிப் பாதி உண்மையாக இருந்ததால்தான் நாங்கள் நம்பினோம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது நான் துபாயில் ஏசி மெக்கானிக். தேராவில் ஒரு பிளாட்டில் மூன்று குடும்பங்கள், ஒரே சமையலறை. என் மனைவி எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். இருவருக்கும் கன்னியாகுமரிக் கடற்கரைதான் ஊர். துபாயில் வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. வாடகை ஹாலில் தமிழ் ஜெபக் கூட்டம் நடக்கும். பாட்டு முடிந்ததும் சாட்சி. யாருக்கு விசா கிடைத்தது, யாருக்குச் சிறுநீரகக் கல் கரைந்தது என்று மைக்கில் சொல்வார்கள். சாட்சி சொன்னவரிடம் குறுக்குக் கேள்வி கேட்கும் வழக்கம் கிடையாது. அல்லேலூயா சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவோம்.

இந்த அக்கா தூத்துக்குடிக்காரர், ஹெட் நர்ஸ். என் மனைவிக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அவர் மைக்கைப் பிடித்தால் பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்தும்.

எங்களுக்கு மகள் பிறந்தாள். பால் குடிக்க அவளால் முடியவில்லை. வாய் வைப்பாள், நழுவிவிடும், காற்றைக் குடித்துவிட்டு அழுவாள். மனைவிக்கு மார்பெல்லாம் புண். பாட்டிலில் கொடுத்தால் பாதி கன்னம் வழியாகக் கழுத்துக்கு ஓடியது. எடை ஏறவில்லை. மனைவியின் பிரசவ லீவு ஒன்றரை மாதம். அதற்குள் பிள்ளை ஒழுங்காகக் குடித்தால் பகலில் பார்த்துக்கொள்வதாகப் பக்கத்து அறைப் பெண் சொல்லியிருந்தார். பால் குடிக்காத பிள்ளையை அவர் ஏற்கமாட்டார், அது நியாயம். ஏற்காவிட்டால் ஊருக்குத்தான் அனுப்ப வேண்டும். எங்களுக்குத் தெரிந்த நர்ஸுகளின் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் வளர்ந்தார்கள், போட்டோவில். எங்கள் பிள்ளை அப்படி வளரக் கூடாது என்று கல்யாணத்துக்கு முன்பே பேசி வைத்திருந்தோம்.

பிள்ளையின் நாக்கை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. டாக்டர் பார்த்திருப்பார் என்று மனைவி நினைத்தாள். தாயே நர்ஸ், அவள் பார்த்திருப்பாள் என்று டாக்டர் நினைத்திருக்க வேண்டும். நான் நினைக்கவே இல்லை.

அந்த நேரத்தில்தான் அக்கா சாட்சி சொன்னார். அவருடைய மகளும் கைக்குழந்தையில் பால் குடிக்கவில்லையாம். ஜுமேராவில் ஒரு வெள்ளைக்கார அம்மாள், கைரோபிராக்டர், அதாவது மருந்தில்லாமல் முதுகையும் கழுத்தையும் கையாலேயே சரிசெய்கிறவர், பிள்ளையின் கழுத்தைத் தொட்டாராம். பிள்ளை பால் குடித்ததாம். கர்த்தர் அந்தக் கைகளைப் பயன்படுத்தினாராம். கூட்டம் முடிந்ததும் அக்காவே அந்த இடத்துக்குப் போன் போட்டு எங்களுக்கு நேரம் வாங்கினார். "எங்க பிள்ளைக்குப் பாத்த மாதிரியே இதுக்கும் பாத்துருங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பக்கத்தில்தான் நின்றேன்.

போனோம். அந்த அம்மாள் தக்காளி பழுத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒரு விரலால் பிள்ளையின் கழுத்தையும் தாடையையும் தொட்டார். பிள்ளை நன்றாகத் தூங்கியது. தூங்கி எழுந்து பழையபடி காற்றைக் குடித்தது. மறுபடி போனோம். மறுபடி தூங்கியது. பிளாட்டில் மூன்றாவது அறையில் இருந்த திருநெல்வேலி அண்ணன் சொன்னார்: "கழுத்தப் புடிச்சா வாய் வேலை செய்யும்னா எங்க போர்மேனக் கூட்டிட்டுப் போவாதிய. அவனுக்கு ஏற்கெனவே நல்லாத்தான் வேலை செய்யுது." சிரித்தோம். லீவு முடிந்துகொண்டிருந்தது.

ஊருக்கு டிக்கெட் எடுத்த பிறகு கடைசியாக ஒருமுறை போனோம். அன்றைக்குத்தான் அந்த அம்மாள் கையுறை போட்டு நாக்கின் அடியில் விரலை விட்டார். விட்ட விரல் நின்றது. இதை எப்போது வெட்டினீர்கள், மறுபடி ஒட்டியிருக்கிறதே என்றார். எதை வெட்டுவது என்று கேட்டாள் மனைவி. அவர் பிள்ளையின் வாயைத் திறந்து காட்டினார். நாக்கின் அடியில் ஒரு சவ்வு, நுனிவரைக்கும், நாக்கைக் கீழே கட்டிப் பிடித்திருந்தது. இதை டாக்டர் வெட்டிவிட வேண்டும், இறுகிப்போன கழுத்தையும் தாடையையும் தளர்த்துவதுதான் என் வேலை, உங்கள் அக்காவின் பிள்ளையும் வெட்டிய பிறகுதான் இங்கே வந்தது, அதே மாதிரி என்று அவர் போனில் சொன்னதால் நீங்களும் வெட்டிவிட்டு வந்ததாக நினைத்தேன் என்றார். முதல் நாளே வாயைப் பார்க்காதது அவர் குற்றம். அதை அவரே சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்தக் கணக்கு அங்கேயே தீர்ந்தது.

ஏசிக்குள்ளே பில்டர் அடைத்துக் கிடக்க, வெளியே பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மனைவி ஒரு வாரம் லீவை நீட்டிப் பிள்ளையை ஊருக்கு எடுத்துப் போனாள். நாகர்கோவிலில் ஒரு டாக்டர் பார்த்த உடனே கத்தரியால் வெட்டிவிட்டார். மயக்க மருந்துகூட இல்லை. ஊசி போட்டதற்கு அழுத அளவுக்குக்கூட அழவில்லை என்று போனில் சொன்னாள். அன்று மாலை பிள்ளை பாட்டிலைப் பிடித்த பிடியில் காலியாக்கியது. போயாயிற்று, வெட்டியாயிற்று, திரும்பக் கூட்டிவா என்றேன். தேறாத பிள்ளை, ஒரு மாதமாவது டாக்டர் கண்ணில் இருக்கட்டும் என்று வீட்டில் சொன்னார்களாம். லீவு இல்லை. தன் கூடப்பிறந்த அக்காவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு மனைவி மட்டும் வந்தாள். வந்த மறுநாள் டியூட்டியில் யூனிபார்மின் முன்பக்கம் பாலில் நனைந்தது. ஒரு மாதம் என்றது மூன்று வருடமானது. மகள் பெரியம்மாவை அம்மா என்று கூப்பிடப் பழகிவிட்டாள்.

சாட்சி சொன்ன அக்காவிடம் போய்க் கேட்டேன். வெட்டியதை ஏன் சொல்லவில்லை என்றேன்.

"பொம்பளப் பிள்ள தம்பி. நாக்க வெட்டுனோம்னு மைக்குல சொன்னா, நாளைக்கு எவனாவது பொண்ணு பாக்க வரும்போது சொல்லிக் காட்ட மாட்டானா?"

"அப்ப சாட்சியே சொல்லாம இருந்திருக்கலாமே அக்கா."

"கழுத்தப் புடிச்சது உண்மைதான? நான் பொய் சொல்லலியே."

பிறகு டீ குடிக்கிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இப்போது அக்கா ஊரில் இருக்கிறார், நாங்களும் திரும்பிவிட்டோம். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் கூட்டத்தில் போன மாதமும் இதே சாட்சியைச் சொன்னாராம். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி முகவரி கேட்டார்களாம். அந்த வெள்ளைக்கார அம்மாள் துபாயைவிட்டுப் போய் வெகுகாலமாயிற்று. அதனால் யாராவது கழுத்துப் பிடிக்கிற ஆளாகப் பார்த்துப் போகச் சொன்னாராம்.

அக்கா, உங்கள் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இனி யாரும் பெண் பார்க்க வரப்போவதில்லை. எனக்குப் போன் செய்ய வேண்டாம், வீட்டுக்கு வர வேண்டாம். அடுத்த கூட்டத்தில் சாட்சி நேரத்தில் எழுந்து அதே மைக்கைப் பிடியுங்கள். உங்கள் பிள்ளைக்கு முதலில் நாக்கை வெட்டினீர்களா, இல்லையா? என் மகளும் அவள் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.