பாலாம்பிகையின் இடது கால்

பாலாம்பிகை உட்கார்ந்தால் கதிரை அழும் என்பார்கள் கடையில். வீட்டில் சொல்வது அதைவிட மோசம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ் ஏறி, அக்குறணையில் ஒரு தையல் கடைக்குப் போய், பொழுது சாயும் வரை மெசினோடு கிடப்பதுதான் அவள் பிழைப்பு. உடம்பு பெருத்தது. பஸ் கொண்டக்டர் முதல் புருஷன் வீரய்யா வரை அதைப் பற்றிப் பேச எல்லோருக்கும் வாய் நீண்டது. அவளும் வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறவள்தான்.

ஒரு ஞாயிறு காலை இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுட்டது.

“உளுக்குத்தான். அக்காவ கூப்பிடுறேன்” என்றான் வீரய்யா.

அவன் அக்கா சுபாஜினி உளுக்குத் தடவுவதில் பேர்போனவள். எண்ணெயை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு வந்து குந்தினாள்.

“கால நீட்டு.”

“தொடாதீங்க மதினி.”

“ஏன், தங்கத்துலயா செஞ்சிருக்கு?”

“ரத்தம் கட்டியிருந்தா, தடவுனதும் பிச்சுக்கிட்டு நெஞ்சுக்குப் போயிரும். கிளினிக்ல சொல்லியிருக்காங்க.”

சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில் டொக்டர் ருஷ்தா விளக்கியிருந்தார். உடம்பிலுள்ள கொழுப்பு மூட்டைபோலச் சும்மா கிடப்பதில்லை. ஹோர்மோன்களைச் சுரந்து இரத்தத்தில் கலக்கிறது. இரத்தம் எளிதில் உறைவதிலும், உறைந்தது கரையாமல் நிற்பதிலும் அவற்றில் சிலவற்றுக்குப் பங்கு இருக்கலாம். அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. ஆனால், பருத்த உடம்போடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு ஒற்றைக் கால் வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அதில் சந்தேகமே இல்லை.

பாலாம்பிகை இதைச் சொல்லி முடிக்கும் முன்பே சுபாஜினி குறுக்கிட்டாள்.

“கேட்டியா தம்பி? மாடு பால் சுரக்குற மாதிரி இவ கொழுப்பு சுரக்குதாம்!”

வீரய்யா வெடித்துச் சிரித்தான். “நான் அமுக்கிப் புடிக்கிறேன், நீ தடவுக்கா.”

அவன் கணுக்காலைப் பிடித்ததும் வலக் காலால் ஓங்கி உதைத்தாள். எண்ணெய்ச் சட்டி சுபாஜினியின் மடியில் கவிழ்ந்தது.

“பேய் புடிச்சிருச்சுடா இவளுக்கு!”

“ஆமா, புடிச்சிருச்சு. கிட்ட வந்தா கடிப்பேன்.”

சுவரைப் பிடித்தபடி ரோட்டுக்கு வந்து ஆட்டோவை மறித்தாள். யாரும் கூட வரவில்லை.

ஆஸ்பத்திரி ஸ்கேனில் தொடை இரத்தக் குழாய் வரை இரத்தக் கட்டி தெரிந்தது. இரத்தம் மேலும் உறையாமலிருக்க உடனே ஊசி போட்டார்கள்.

பின்னேரம் வார்டுக்கு வந்த வீரய்யா, எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. “அக்கா சேலை நாசமாப் போச்சு. மன்னிப்புக் கேளு.”

“செத்தாலும் கேக்க மாட்டேன்.”

அவன் கையை ஓங்கும்போது வார்டு டொக்டர் கட்டிலருகே வந்தார்.

“நீங்க புருஷனா? இந்தக் கால யாரும் தடவலையே? தடவியிருந்தா உயிருக்கே ஆபத்தாயிருக்கும்.”

ஓங்கிய கை இறங்கியது. வீரய்யா தரையைப் பார்த்தான்.

“இல்ல டொக்டர்... அவ விடல.”