மஞ்சள் தண்ணீர் காட்டிக்கொடுத்த வயர்

சூடான இஞ்சின்மேல் மஞ்சள் தண்ணீர் பட்டால் எழும் ஆவிக்குத் தனி வாசம் உண்டு. தெமோதரைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், வெள்ளிக்கிழமை காலை என்றாலே எனக்கு அந்த வாசம்தான். தோட்ட வேலையை விட்டு வாடகைக்கு ஓட்ட அப்பா வாங்கிய பழைய கார் அன்றைய முதல் ஹயரை முடித்துக்கொண்டு வந்ததும், அம்மா அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, போனட்டைத் திறக்கச் சொல்லி, இஞ்சினுக்கும் மாவிலையால் நாலு தெளி தெளிப்பாள். வெளியே மட்டும் பூசை செய்தால் உழைக்கிற இஞ்சின் கோபித்துக்கொள்ளும் என்பது அவள் கட்சி.

எனக்குப் பதினொரு வயதானபோது அந்தக் கார் "லொக்கு லொக்கென்று" இருமத் தொடங்கியது. மழையிலும் மூட்டத்திலும் லேசாக இருமும். வெள்ளிக்கிழமைகளில் ஏற்றத்தில் நின்றேவிடும். லயமே கூடித் திருஷ்டி என்றது. எலுமிச்சம்பழம் கட்டினோம், அம்மா தெளிப்பதைக் கூட்டினாள், கார் இன்னும் மோசமாயிற்று! அப்பா பிளக்குகளை மாற்றிப் பார்த்தார். ஹாலிஎல கராஜ் "பாஸ்", அதாவது மெக்கானிக், இஞ்சினையே இறக்க வேண்டும் என்று கைவிரித்துவிட்டார். அதற்கு வழியில்லாமல், காரை வெலிமடை மரக்கறி வியாபாரி ஒருவருக்குக் கொடுத்துவிடுவதென்று அப்பா பேசி முடித்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. கார் போனால் அப்பா மறுபடியும் "பெரட்டில்", காலையில் பேர் கூப்பிடும் வரிசையில், போய் நிற்க வேண்டும். அந்த நினைப்பிலேயே அவருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை பகல், மூட்டம் இறங்கித் தகரக் கொட்டகை இருண்டு கிடந்தபோது, அம்மா செம்பும் மாவிலையுமாக வந்து நின்றாள்.

"ஏங்க, வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க. நான் தெளிக்கிற அன்னிக்குத்தானே நிக்குது? எங்க தெளிச்சா நிக்குதுன்னு பார்ப்போம்."

"விக்கப்போற வண்டிக்கு என்ன புள்ள பூசை?" என்றார் அப்பா. ஆனாலும் சாவியைத் திருப்பினார்.

பிளக்குகளுக்குப் போகும் நாலு கறுப்பு வயர்களில் முதலாவதன்மேல் மட்டும், எட்ட நின்று, அம்மா தெளித்தாள். இஞ்சின் அதுபாட்டுக்கு ஓடியது. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவது நனைந்ததுதான் தாமதம், "டிக் டிக்" என்று சத்தம் கேட்டது, வயரிலிருந்து பக்கத்து இரும்புக்கு நீலப் பொறி பாய்ந்தது, கார் இருமியது.

"இதாங்க! கரண்டு பிளக்குக்குப் போகாம வழியிலயே ஒழுகுது!"

அப்பா இஞ்சினை நிறுத்தி, வயரைக் கழற்றி வளைத்துப் பார்த்தார். மயிரிழை அளவு வெடிப்பு. அன்றே பதுளைக்கு பஸ் பிடித்துப்போய்ப் புது வயர் வாங்கி வந்து மாட்டினார். மறுநாள் வந்த வியாபாரியிடம், "மன்னிச்சுக்குங்க, வண்டி குடுக்கலைங்க. எங்க வீட்டுல நோயக் கண்டுபிடிச்சிட்டாங்க" என்று அம்மாவைக் கைகாட்டினார். எப்போதும் "வா, போ" என்பவர், அந்நிய மனிதர் முன்னால் அம்மாவுக்கு மரியாதை கொடுத்துப் பேசியதை அன்றுதான் கேட்டேன். வந்தவரை அப்பா அதே காரில் ஏற்றி, ஹாலிஎல பஸ் தரிப்பிடம்வரை ஓர் இருமல் இல்லாமல் கொண்டுபோய் விட்டார்.

அந்தக் காரும் இல்லை, அப்பாவும் இல்லை. இன்று நான் பதுளையில் பிள்ளைகளுக்கு மோட்டார் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். புதுக் கார்கள் பலவற்றில் அந்த நீண்ட வயர்களே கிடையாது. கோளாறைக் கம்ப்யூட்டர் சொல்லிவிடுகிறது. போன வாரம் ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், உங்கப்பா மெக்கானிக்குங்களா?"

"அப்பா டிரைவர். மெக்கானிக் எங்கம்மா" என்றேன்.