சித்தப்பாவும் எலியின் மூளையும்

அப்பா சித்தப்பாவை அறைந்ததை நான் பார்த்தேன். கோயில் தேரன்று, லண்டன் மனோர் பார்க்கில், நடுத் தெருவில். சித்தப்பாவின் தலையில் பால்குடம் இருந்தது. நேராக வந்துகொண்டிருந்தவர் ஒரு பக்கம் சரிந்தார். பால் முழுக்க ஒரு மாமியின் பட்டுச்சேலையில். அப்பா ஓடிப்போனார். தூக்கிவிடத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன்.

"குடிச்சுப்போட்டே பால்குடம் எடுக்க வந்தனீ?"

"இல்லை அண்ணை."

அப்பா அதுவரை யாருக்கும் கை ஓங்கியதில்லை. தெருவை மறித்து நின்ற பொலிஸ்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தார். அகலக் கால் வைத்து நடப்பார். கதைத்தால் நாக்கு இழுக்கும். முட்டைத் தட்டுகளைப் போட்டு உடைக்கிறார் என்று கடை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். குடிகாரன், வெறிக்குட்டி என்று தெரிந்த சனம் எல்லாம் சொன்னது.

தேர் முடிந்த அன்றே அம்மா சொல்லிவிட்டார்.

"பொம்பிளைப்பிள்ளை இருக்கிற வீடு. வெறிகாரனை வைச்சிருக்கேலாது."

அப்பா ஒரு மாதத் தவணை கொடுத்தார். அந்த மாதம் முழுக்க மோப்பம் பிடிக்கும் வேலை எனக்கு. சித்தப்பா வெளியே போய் வந்ததும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும். மணந்து பார்க்க வேண்டும். மணந்தேன். பற்பசை மணம்தான் வந்தது. சொன்னேன்.

"குடிச்சுப்போட்டுப் பல்லுத் தீட்டியிருக்கிறான்" என்றார் அப்பா.

சித்தப்பா ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு வருடமாக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது கடிதம் வந்தபிறகுதான் தெரிந்தது. முடிவு சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா தானும் வருவதாகச் சொன்னார். பொய்யை டொக்டருக்கு முன்னால் வைத்துப் பிடிக்கத்தான். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கடிதத்தில் கேட்டிருந்தது. வேண்டாம் என்றார். வருகிற தமிழர் வெள்ளிக்கிழமை கோயிலில் நிற்பார், விசயம் பிரசாதத்தோடு சேர்ந்து பரவும். ஆகவே பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு என்னைக் கூட்டிப்போனார்கள்.

பிள்ளையை வைத்துக் கதைப்பது சரியில்லை என்றார் டொக்டர். அவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். அப்பா கதிரையை விட்டு அசையவில்லை. கடைசியில் டொக்டர்தான் விட்டுக்கொடுத்தார்.

"கேள் பிள்ளை, இவன் எவ்வளவு குடிக்கிறானெண்டு" என்றார் அப்பா.

கேட்டேன். குடியே இல்லை என்றார் டொக்டர். மூளையில் இருக்கிற ஒரு என்சைம் பிழையாக வேலை செய்கிறதாம்.

"அதென்ன சாமான்?"

எனக்கும் தெரியாது. அவர் சொன்னதையே சொன்னேன். கலத்துக்கு வெளியே இருந்து வருகிற செய்தியை வாங்கி உள்ளே வேலை நடக்க வைக்கிற சாமான்.

"எங்க இருக்காம்?"

டொக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பினார். மெல்லிதாக வெட்டிய மூளை. அந்த என்சைம் இருக்கிற இடம் மட்டும் பச்சையாக மின்ன மருந்து போட்டிருந்தார்கள். முன்பக்கம் அங்கங்கே மங்கலாக இருந்தது. பின்பக்கம், பிடரிக்கு மேலே, சிறுமூளையில்தான் அதிகம். கோலிபிளவர் மாதிரி மடிப்பு மடிப்பாக, மடிப்பெல்லாம் பச்சை. விழாமல் நடக்க வைப்பது அந்த இடம்தானாம்.

"இது எலியின்ர மூளையாம், அப்பா."

"என்ன? இவனுக்கு எலியின்ர மூளையோ?"

"இல்லை. எலிக்கும் மனிசருக்கும் ஒரே இடத்திலதான் இருக்காம்."

சித்தப்பா சிரித்துவிட்டார்.

"குடிக்காத எலி, அண்ணை."

அப்பா சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் இருந்தார்.

"என்ன மருந்தெண்டு கேள்."

மருந்து இல்லை. மெல்ல மெல்லக் கூடும். இது குடும்பத்தில் வருவது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன், வகுப்பில் எழும்பி நின்று வாசிப்பதுபோல.

இவர்களின் தகப்பனுக்கு இருந்ததா என்று டொக்டர் கேட்டார். அப்பப்பா ஊரில் கிணற்றுக்குள் விழுந்து செத்தவர். வெறியில் விழுந்தார் என்றுதான் வீட்டில் கதை. அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தெரியாது என்று நானே சொல்லிவிட்டேன்.

உள்ளே வரும்போது அப்பாவின் தோள் கதவில் இடித்ததை டொக்டர் பார்த்திருக்க வேண்டும். எழும்பி நடந்து காட்டச் சொன்னார். ஒரு காலின் விரலுக்கு முன்னால் மற்றக் காலின் குதியை வைத்து, நேர்கோட்டில்.

அப்பா நடந்தார். நாலாவது அடியில் சுவரைப் பிடித்தார்.

"நிலம் வழுக்குதெண்டு சொல்லு பிள்ளை."

சொன்னேன். டொக்டர் ஒன்றும் எழுதவில்லை. சித்தப்பா எழும்பினார்.

"அண்ணை" என்று கையைப் பிடித்தார். அப்பா உதறவில்லை. இரண்டு பேரும் ஆளை ஆள் பிடித்தபடி நின்றார்கள். கோபம் தீர்ந்தது, சித்தப்பாவை இனி வீட்டைவிட்டு அனுப்பமாட்டார்கள் என்று எனக்குப் பெரிய சந்தோசம்.

டொக்டர் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். எத்தனை வயது என்று கேட்டார்.

பதினொன்று என்றேன். அவர் பார்வையை எடுக்கவில்லை. என் இங்கிலீசைப் புகழப்போகிறார் என்று நினைத்தேன். காத்துக்கொண்டு நின்றேன்.