விருத்தாம்பாளின் கைரேகை

மரக்காணம் உப்பளத்தில் இருபத்தாறு வருஷம் உப்பு வாரிய விருத்தாம்பாளுக்குக் கட்டைவிரலில் ரேகை கிடையாது. எங்கே கைநாட்டு வைத்தாலும் கருப்புத் திட்டாகத்தான் விழும். 2005 ஏப்ரல் வரை அதற்காக யாரும் கவலைப்பட்டதில்லை.

அவளுடைய ஒரே மகன் பஞ்சநாதன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவன். தங்கியிருந்த அறையில் நடந்த சண்டையில் கத்திக்குத்துப் பட்டுச் செத்தான். குத்தியவன் அதே அறையில் தங்கியிருந்த எங்கள் அடுத்த தெரு ஜெயசீலன். அவனுக்குத் தலையை வெட்டும் மரண தண்டனை கொடுத்தார்கள். செத்தவனின் குடும்பம் மன்னித்து எழுதிக் கொடுத்தால் உயிர் தப்பலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம். விருத்தாம்பாளுக்குக் கணவனும் இல்லை. எழுதிக் கொடுக்க அவள் ஒருத்திதான்.

ஜெயசீலனின் அம்மா ஆண்டாள் இட்லிக் கடை வைத்திருப்பவள். தினமும் கடையை மூடிவிட்டு வந்து விருத்தாம்பாளின் வாசலில் நிற்பாள். எதுவும் கேட்கமாட்டாள்.

விருத்தாம்பாளின் கை வெடிப்புக்கு நான் மருந்து போடும்போது ஒருநாள் கேட்டாள்.

"நர்சம்மா, வெட்டுனா ரொம்ப வலிக்குமா?"

"அது நொடியில முடிஞ்சிடும். என்னிக்குக் கூப்புடுவாங்களோன்னு உக்காந்திருக்கறதுதான் பெருசு."

சாகிறவர்களுக்குப் பக்கத்தில் நாற்பது வருஷம் இருந்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை.

"எம்புள்ள சோத்துல கை வெச்சவன், அப்படியே சாஞ்சிட்டான். இவன் தெனமும் சாவறானா?"

மருந்து போட்ட கையை மடக்கிக்கொண்டாள். "அந்த மன்னிப்புப் பேப்பரை எடுத்தாரச் சொல்லுங்க."

நோட்டரி வக்கீல் மூன்று முறை மை தடவிப் பார்த்தார். "ரேகையே விழலியேம்மா. தூதரகத்துல திருப்பி அனுப்பிடுவாங்க."

"பத்து நாள் உப்புத் தண்ணியில கை வெக்காதே, வந்திடும்" என்றேன்.

"சீசன்லயா? பாத்தியை வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு மொதலாளி."

"உங்க பாத்தியில நான் உப்பு வாருறேங்க்கா" என்றாள் ஆண்டாள்.

"நீ இட்லி வார்க்கத்தான் லாயக்கு."

தினம் வெந்நீரில் கையை ஊறவைத்து, தேங்காய் எண்ணெய் தேய்த்து, துணி சுற்றிவிட்டேன். ஐந்தாம் நாள் பஞ்சநாதனின் சட்டையை எடுத்துப் பார்த்தவள், கையில் சுற்றிய துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு உப்பளத்துக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன், தடுக்கவில்லை. வெயிலில் ஆண்டாள் உப்பு வாரும் பலகையைத் தப்பாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சேத்தையும் சேத்து வாருறியே, பலகையைச் சாய்ச்சுப் புடிடீ."

வரப்பில் நின்றபடியே திட்டிவிட்டுத் திரும்பினாள். கையை நனைக்கவில்லை.

பதினோராம் நாள் ரேகை விழுந்தது. கடிதம் போய்ச் சேர்ந்தது. ஜூலையில், தண்டனையைச் சிறைவாசமாகக் குறைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. ஆண்டாள் மாவுக் கையோடு ஓடிவந்து விருத்தாம்பாளின் காலில் விழுந்தாள்.

"எழுந்திரு, கால்ல புண்ணு இருக்குது" என்று அவள் காலை இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"அவன் லெட்டர் போட்டா எனக்கும் படிச்சுக் காட்டு."