பின்பக்கமாக மேடேறிய ஆட்டோ

தொண்ணூறுகளில் ஒருநாள், பீளமேட்டிலிருந்த என் வீட்டுக்குப் புது கிரைண்டரை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் அவர். முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிற உயரம். நாம் ஏதாவது கேட்டால் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

குறுக்கு வழி என்று நான் காட்டிய சந்தின் கடைசியில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். வண்டியைத் திருப்ப இடமில்லை. ரிவர்ஸ் கியரும் உடைந்திருந்தது. இறக்கத்தில் வந்திருந்தோம், கிரைண்டர் கனத்தோடு மேட்டில் தள்ளவும் முடியவில்லை.

“இன்ஜினையே திருப்பிச் சுத்த உட்டுப்போடறனுங்க,” என்றார்.

“இன்ஜின் ஒரு பக்கந்தானுங்க சுத்தும். காலேஜ்ல நான் அதத்தான் பாடம் எடுக்கறேன்.”

“சுத்துச்சுன்னா நாளைக்குப் பசங்ககிட்டச் சொல்லிப்போடோணுங்க.”

இன்ஜினைக் கிளப்பி, அணைத்தார். அது அடங்கப்போகும் கடைசித் துடிப்பில் சட்டென்று மறுபடி ஆன் செய்தார். முந்திக்கொண்டு விழுந்த தீப்பொறி, மேலேறிக்கொண்டிருந்த பிஸ்டனை வந்த வழியே உதைத்துத் தள்ளியது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் தடுப்பதற்கு வால்வு கிடையாது. எதிர்ப்பக்கமாகவே சுற்றத் தொடங்கியது. முதல் கியரைப் போட்டார். தெருவே வாசலில் நின்று பார்க்க, ஆட்டோ பின்பக்கமாக மேடேறி, தேர் போல மெயின் ரோட்டில் வந்து நின்றது.

இன்ஜினை அணைத்துவிட்டு, “சொல்லுவீங்களா?” என்றார்.

மறுநாள் கரும்பலகை முன்னால் நின்று, நான் சொல்லித் தந்தது தப்பு என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பே கைதட்டியது. அந்தக் கைதட்டலை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க, அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.