எஸ்தர் அக்கா தவிடு கொடுத்து வாங்கிய பிள்ளை

யான் என்ற கடற்கரை ஊரிலிருந்து மீன் கொண்டுவருபவர்தான் அலோர் ஸ்டார் சந்தையில் வைத்துச் சொன்னார். "ஒங்ககூட வேல செஞ்ச நர்சம்மா போயிட்டாங்கம்மா. சாயங்காலம் அடக்கம்." எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மலாயாவில் சப்பான்காரன் இருந்தவரை அதை எழுத வழியில்லை. இப்போது, எஸ்தர் அக்காவை அறிந்த உங்களிடம் அதை மறைக்கப் போவதில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நாங்கள் இருவரும் நர்சுகள். வெள்ளைக்கார டாக்டர் ஓடிப்போன பிறகு மருந்தும் இல்லை, கட்டுத்துணியும் இல்லை. தாய் பால் கொடுக்கும்போது அக்கா சற்றுத் தள்ளி, துணி மடிப்பதுபோல் நின்று பார்ப்பார். பிள்ளை சிணுங்கினால் தாயின் கை தானாகப் போகிறதா, அவள் கண் எங்கே இருக்கிறது என்பதுதான் அவர் கவனம். "பால் எறங்குதான்னு மட்டும் பாத்தா போதுமா? பிள்ள பாக்குறப்ப திரும்பிப் பாக்க ஆளு வேணும்லா" என்பார்.

அஞ்சலையின் கண் சுவரில் இருந்தது. அவள் கணவன் முனியனைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போன வாரத்தில் பிறந்தது அந்தப் பெண் குழந்தை. பிறந்த நேரம் அப்பனை விழுங்கிவிட்டது என்று கூலிகள் குடியிருக்கும் லயம் முழுக்கப் பேச்சு. கிளப்பிவிட்டவர் கங்காணி. சயாமுக்கு ஆள் கேட்டபோது முனியன் பெயரைச் சப்பான்காரனிடம் கொடுத்தவரும் அவரேதான்! அந்த மனிதர் வார்டுக்கே வந்து, "பிள்ளைய யாருக்காச்சும் குடுத்துரும்மா. வச்சிருந்தா அவன் திரும்ப மாட்டான்" என்றார். அக்கா வெடித்துவிட்டார். "முனியன் பேர நட்சத்திரமா குடுத்துச்சு? நீங்கதானே குடுத்தீங்க! போங்க வெளிய!"

அவர் போனார். சொன்ன சொல் போகவில்லை. அஞ்சலை பிள்ளையைத் தொடவே மறுத்தாள். அழுது அழுது ஓய்ந்த குழந்தை பிறகு அழுவதையே குறைத்துக்கொண்டது. அக்காவைப் பயமுறுத்தியது அந்த அமைதிதான். பால்மாவு கண்ணில் படாத காலம். தாய் எடுக்காவிட்டால் பிள்ளை செத்துப்போகும்.

தோஷமுள்ள பிள்ளையை வேறொருவர் தவிடு கொடுத்து வாங்கிவிட்டால் தோஷம் கழியும் என்பது நம்மவர் வழக்கம். அக்கா வேதக்காரர், கிறிஸ்தவர்; இதையெல்லாம் கேட்டாலே எரிந்து விழுவார். ஆனாலும் மறுநாள் ஒரு துணியில் தவிடு முடிந்து கொண்டுவந்தார். அரிசி கிடைக்காமல் நாங்களே தவிட்டை அடையாகத் தட்டித் தின்றுகொண்டிருந்தோம்; அன்றைக்கு அவர் பட்டினி. அஞ்சலையின் மடியில் அதைக் கொட்டி, "வாங்கிட்டேன். இனி இவ என் பிள்ள, தோஷமும் என்னோடது. எங்கிட்ட பால் இல்ல, நீ குடு. ஆனா என் பிள்ள மூஞ்சியப் பாத்துத்தான் குடுக்கணும்" என்றார்.

பிறகு ஒரு பக்கமாக நின்று குழந்தையைக் கூப்பிட்டார். அது அசையவில்லை. "இப்ப நீ கூப்பிடு." அஞ்சலை வேண்டாவெறுப்பாக, "ஏ புள்ள" என்றாள். அந்தச் சின்னத் தலை அவள் பக்கம் திரும்பியது. "பாத்தியா? உள்ள இருந்தே ஒன் சத்தத்தக் கேட்டவ" என்றார் அக்கா. அஞ்சலை அப்போதுதான் குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவள் கதறிவிட்டாள்.

அவள் லயத்துக்குத் திரும்பும் நாளில் அக்கா கையை நீட்டி, "குடு, என் பிள்ளைய நான் கொண்டு போறேன்" என்றார். அஞ்சலை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "குடுக்க மாட்டேன்க்கா. ஒங்க தவிட்ட வேணா திருப்பித் தர்றேன்." அக்கா சிரித்து நான் பார்த்தது குறைவு, அன்று வாய்விட்டுச் சிரித்தார். முனியன் கடைசிவரை திரும்பவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அக்காவின் அடக்கத்தில் பேசியவர்கள், "கர்த்தர் அழைத்துக்கொண்டார்" என்றார்கள். "அவங்க நேரம் முடிஞ்சிருச்சு" என்றார் ஒருவர். எந்த நேரம்? அக்காவுக்கு வந்தது மலேரியா. அதற்கான கொய்னா மாத்திரை இருந்தது. சப்பான்காரர்கள் தங்கள் பட்டாளத்துக்கென்று பூட்டி வைத்திருந்தார்கள். கேட்டுப் போன ஆளை அறைந்து விரட்டினார்கள். பூட்டியவன் கையில் சாவி இருக்கும்போது நேரத்தையும் கர்த்தரையும் ஏன் இழுக்கிறீர்கள்? செய்தவனை விட்டுவிட்டு வேறெதன் மேலும் பழி போட விடாத அக்காவின் கோபத்தை நான் எடுத்துக்கொண்டேன். அதைத் தணிப்பதற்காக யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வர வேண்டாம்.